குழாய்ச் சின்னம்

2022 பிப்ரவரியில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வட்டச் செயலாளர் நேர்மையான மனிதர். கொள்கை, லட்சியம், மாநில சுயாட்சி என்று எதையும் இழுத்து எங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். மோர் வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, மேல நம்ம ஆட்சி. கீழயும் நம்ம ஆளு இருந்தாத்தான் குழாயில தண்ணி வரும். அவுங்களுக்குப் போட்டீங்கன்னு வைங்க, தங்கமான ஆளாவே இருக்கட்டும், எங்கிட்டிருந்து தண்ணி கொண்டாருவாங்க? பைப்பு சேராதுண்ணே."

நாற்பது வருஷமாகத் தேர்தல் அறிக்கைகளைப் படித்து வருகிறேன். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு உண்மையான அறிக்கையை நான் கண்டதில்லை. அவர் குரலில் மிரட்டல் துளியும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிளம்பர் குனிந்து பார்த்துவிட்டு, "முக்கா இஞ்சு பைப்புக்கு அரை இஞ்சு நட்டு பொருந்தாது சார்" என்று சொல்வாரே, அந்தத் தொனி. பிளம்பரிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா?

2011 அக்டோபரிலும் இதே திண்ணையில், இதே மோருக்குப் பிறகு, இதே வாக்கியத்தைச் சொன்னவர் இவர்தான். அப்போது வேட்டிக் கரை வேறு. அதற்காக அவரைக் கட்சி மாறியவர் என்று நான் பழிக்க மாட்டேன். அவர் ஒரு நாளும் கட்சி மாறியதில்லை. முப்பது வருஷமாக ஆளுங்கட்சியிலேயே இருக்கிறார். கோட்டையில்தான் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பாவம்.

அன்றுதான் எனக்கு ஞானம் வந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் போட்டியிடுவது திமுகவோ அதிமுகவோ இல்லை. ஒரே கட்சிதான். அதன் பெயர் ஆளுங்கட்சி. சின்னம் குழாய். உதயசூரியனும் இரட்டை இலையும் அந்தக் கட்சியின் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும். தொழிற்சாலை ஒன்றே, விசில்தான் வேறு.

நம்பாதவர்கள் கணக்கைப் பாருங்கள். 2011இல் ஆளுங்கட்சி அதிமுக. தமிழ்நாட்டில் அப்போது மாநகராட்சிகள் 10. பத்து மேயரும் அதிமுக. சென்னையில் 200 வார்டில் 168 அதிமுக. 2022இல் ஆளுங்கட்சி திமுக. மாநகராட்சிகள் 21 ஆகியிருந்தன. இருபத்தொன்றும் திமுக அணிக்கு. சென்னையில் 200இல் திமுக மட்டும் 153. போன முறை 168 வாங்கிய அதிமுகவுக்கு 15. நூற்று அறுபத்தெட்டு வார்டுக்காரர்களின் தத்துவம் பதினோரு வருஷத்தில் இப்படித் தலைகீழாக மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ஆளுங்கட்சியின் வாக்கு வங்கி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் இந்தத் தேர்வில் முதல் மாணவன் கோவை. 2021 மே மாதம் முடிவு வெளியான சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதியையும் அதிமுக அணிக்குக் கொடுத்த ஊர் அது. ஒரு தொகுதிகூடத் திமுகவுக்குச் சிந்தவில்லை. பத்து மாதம் நிறைவதற்குள் மாநகராட்சித் தேர்தல் வந்தது. 100 வார்டு. திமுக அணி 96. அதிமுக 3. பத்து மாதத்தில் ஒரு குழந்தைதான் பிறக்கும் என்று நினைத்திருந்தேன். கோவையில் ஒரு மாநகரமே மறுபிறவி எடுத்தது.

அந்தப் பிரசவத்துக்கு வந்த சீர்வரிசையையும் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சிக்காரர்கள் வீடு வீடாக ஹாட்பாக்ஸும் வெள்ளிக் கொலுசும் கொடுக்கிறார்கள் என்று அதிமுக குற்றம் சாட்டியது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அதன் முன்னாள் அமைச்சரே ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து தர்ணா செய்தார். திமுக மறுத்தது. உண்மை எதுவோ, அதிமுகவினர் அன்று அடைந்த அதிர்ச்சியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஓட்டுக்குப் பொருள் கொடுப்பார்களா, அப்படியும் உலகத்தில் நடக்குமா என்ற அந்தப் பச்சைக் குழந்தை முகம்! 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாக ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தபோது கோட்டையில் இருந்தவர்கள் யார் என்று அவர்களுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. திமுகவின் மறுப்பும் குறைந்ததல்ல. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது எந்தக் கட்சிப் பிரமுகரின் வட்டாரத்தில் பிடிபட்ட பணத்தால் என்று அவர்களையும் யாரும் கேட்கவில்லை. இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக் கறை கண்டுபிடிக்கிறார்கள். கண்ணாடி மட்டும் எந்த அறிவாலயத்திலும் மாளிகையிலும் விற்பனைக்கு இல்லை.

வாக்காளரைத் திட்டுவது சுலபம். ஐந்நூறுக்கு விற்றுவிட்டார்கள், கொலுசுக்கு மயங்கிவிட்டார்கள் என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதலாம். அந்த ஏசி அறைக்காரர்கள் எங்கே ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் பார்த்தேன். சென்னையில் பதிவானது 43 சதவீதம் சொச்சம். தலைநகரத்தில் உண்மையான பெரும்பான்மை பெற்ற அணி வீட்டில் படுத்திருந்த அணிதான். அதற்கு ஒரு மேயர் பதவி கொடுத்திருக்க வேண்டும்.

வரிசையில் நின்று போட்ட பெண்மணிக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். விடிகாலை நான்கு மணிக்குக் குடத்தோடு எழுந்திருப்பவள் அவள். ஆளுங்கட்சி கவுன்சிலர் இருந்தால் போனை எடுப்பார்கள், எதிர்க்கட்சி கவுன்சிலர் இருந்தால் "அவர்கிட்டயே கேட்டுக்கம்மா" என்பார்கள் என்பது அவள் உடம்பில் எழுதியிருக்கிறது. அவள் விற்கவில்லை. பணயக்கைதி கையெழுத்துப் போட்டதை விற்பனைப் பத்திரம் என்று சொல்லாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்தக் குழாய் யாருடையது என்று நினைக்கும்போது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது மாநில நிதி ஆணையத்தின் ஏற்பாடு. அந்த 10 சதவீதத்தைப் பங்கிடும் அட்டவணையில் "எந்தக் கட்சி ஜெயித்த வார்டு" என்று ஒரு பத்தி கிடையாது. வீட்டு வரி நோட்டீஸிலும் கிடையாது. உதயசூரியனுக்குப் போட்டவன் வீட்டுக்கும், இரட்டை இலைக்குப் போட்டவன் வீட்டுக்கும், போடாமல் தூங்கியவன் வீட்டுக்கும் ஒரே நோட்டீஸ், ஒரே தேதி. வாங்கும்போது அரசாங்கம், கொடுக்கும்போது கட்சி. எங்கள் வரியை எங்களுக்கே திருப்பித் தருவதற்கு எங்கள் ஓட்டை லஞ்சமாகக் கேட்கிற சாமர்த்தியத்தை உலகத்தில் வேறு எந்த வட்டிக்கடைக்காரனும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நோட்டீஸ் எப்போது வந்தது என்பதும் வரலாறு. 2022 பிப்ரவரி 22இல் முடிவு வெளியானது. பட்டாசுக் குப்பையைப் பெருக்கி முடிப்பதற்குள், 38ஆம் நாள், சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்கிறது என்று அறிவிப்பு வந்தது. அன்று ஏப்ரல் 1. நாள் பார்த்துச் செய்யத் தெரிந்தவர்கள். மத்திய நிதிக்குழு நிபந்தனை, வேறு வழியில்லை என்றார்கள். இருக்கட்டும். அந்த நிபந்தனை பிப்ரவரியில் ஊருக்குப் போயிருந்ததா? மோர் குடிக்கும்போது அது பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே.

அதிமுக இதைக் கண்டித்துப் பொங்கியது. 2018 ஜூலையில் அதே சொத்து வரியை 100 சதவீதம் வரை உயர்த்தியது அதே அதிமுக. அப்போது தெருவுக்கு வந்து பொங்கியது திமுக. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் வந்து நின்றதும், அந்த உயர்வை அதிமுக அரசு நிறுத்தி வைத்தது. ஒரே பாட்டு, அன்றைக்கு யார் பாடகர், யார் கைதட்டுகிறவர் என்பதுதான் மாறுகிறது. டிக்கெட் எடுத்தவன் மட்டும் எப்போதும் நான்தான்.

ஆளுங்கட்சியின் அமைப்புச் சட்டத்தில் முதல் விதி: ஜெயிப்போம் என்று தெரிந்தால் தேர்தல் வை. தெரியாவிட்டால் தனி அலுவலரை வை. சென்னை மாநகராட்சி மன்றத்தை மஸ்டர் ரோல் ஊழலைச் சொல்லி 1973இல் கலைத்தார்கள். அடுத்த மன்றம் உட்கார்ந்தது 1996இல். இருபத்து மூன்று வருஷம். நடுவில் திமுக ஆண்டது, குடியரசுத் தலைவர் ஆண்டார், எம்.ஜி.ஆர். ஆண்டார், ஜெயலலிதா ஆண்டார். எல்லோருக்கும் அந்த மன்றம் கூடும் ரிப்பன் மாளிகை காலியாக இருப்பதே அழகாக இருந்தது.

ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் 74ஆவது திருத்தம் வந்த பிறகாவது திருந்தினார்களா? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலில் பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்று திமுக வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அதிமுக அரசு அந்தத் தீர்ப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. தொகுதி வரையறை, புது மாவட்டம், மறுபடி வழக்கு என்று நாள் ஓடியது. நகரங்களில் வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19இல். பழைய மன்றம் கலைந்த அன்று பிறந்த குழந்தைக்கு அதற்குள் ஐந்து வயது தாண்டிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு முழு மன்றத்தின் ஆயுளை விழுங்கி ஏப்பம் விட்டார்கள்.

தனி அலுவலர் ஆட்சி ஜனநாயகப் படுகொலை என்று அந்த ஆண்டுகளில் திமுக மேடைதோறும் முழங்கியது. நானும் கைதட்டினேன். 2025 ஜனவரி 5இல் 28 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்தது. ஆட்சியில் திமுக. வந்தவர்கள் யார்? தனி அலுவலர்கள். படுகொலை செய்தவரின் கத்தியைத் தடயமாக வைக்காமல் கழுவித் துடைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

தேர்தல் வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது விதி: ஆட்டம் உனக்குத் தோதாகும்வரை விதியை மாற்று. மேயரை யார் தேர்ந்தெடுப்பது, மக்களா கவுன்சிலர்களா? 1996இல் மக்கள். 2006இல் கவுன்சிலர்கள். 2011இல் மக்கள். 2016இல் கவுன்சிலர்கள் என்றார்கள், நடுவில் மறுபடி மக்கள் என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் திரும்பவும் கவுன்சிலர்கள். ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தைகூட இத்தனை தடவை ஆடினால் வாந்தி எடுக்கும். அந்த அவசரச் சட்டத்தை அன்று எதிர்த்த திமுக, ஆட்சிக்கு வந்து அதே முறையில் 21 மேயரையும் உட்கார வைத்தது. இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். பெயர் சூட்டியவர் என் குலத்தைச் சேர்ந்த நையாண்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும். யார் முகத்தை யாரிடமிருந்து மறைப்பது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

விதியை மாற்றியும் திருப்தி இல்லாத காலமும் உண்டு. 2006 அக்டோபரில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகளில் நடந்த வன்முறை உயர் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் ஆளுங்கட்சி அணிக் கவுன்சிலர்கள் கூட்டமாக ராஜினாமா செய்து, 2007 பிப்ரவரியில் அந்த வார்டுகளுக்கு மறுதேர்தல் நடந்தது. அதை அதிமுக புறக்கணித்தது. அப்புறம்? திரும்பவும் ஆளுங்கட்சிதான் ஜெயித்தது. கட்டையைத் தூக்காமலேயே ஜெயித்திருக்கலாம் என்பதை அவர்கள் அன்று கற்றார்கள். அதற்குப் பிறகுதான் தேர்தல்கள் அமைதியாக நடக்கின்றன. சுடுகாடும் அமைதியாகத்தான் இருக்கிறது.

எதிர்க்கட்சியே இல்லாவிட்டால் என்ன, ஒற்றுமையாக வேலை நடக்குமே என்று கேட்கும் நல்லவர்களை நெல்லைக்கு அனுப்புகிறேன்.

நெல்லை ஆளுங்கட்சிக்குப் பழைய கோட்டை. 2014 செப்டம்பரில் அங்கே மேயர் பதவிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி அதிமுக. திமுக போட்டியிடவில்லை. எதிர்த்து நின்ற பாஜக வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கினார்; வாங்கிய கையோடு அதிமுகவிலேயே சேர்ந்தார். அதிமுக வேட்பாளர் போட்டியின்றி மேயர். ஒரு மாநகரத்தின் முதல் குடிமகளைத் தேர்ந்தெடுக்க ஒரு பொட்டு மையும் செலவாகவில்லை. சிக்கனம் என்றால் இதுவல்லவா!

2022இல் அதே நெல்லையில் 55 வார்டு. திமுக மட்டும் 44. கூட்டணியோடு 51. அதிமுகவுக்கு 4. ஐம்பத்தொரு பேர் ஒரே வண்டியை இழுத்தால் நெல்லையப்பர் தேர் மாதிரி நகர வேண்டும். நடந்தது என்ன? சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே சொந்தக் கட்சி மேயரை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள், கூட்டத்தைப் புறக்கணித்தார்கள். எதிரே ஆள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவனை அடிப்பதுதான் கை பழகியவர்களின் வழக்கம். 38 பேர் கையெழுத்திட்டு மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 12 என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு 25 நாள் முன்பு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகமே தண்ணீரில் நின்றது. ஜங்ஷன் மூழ்கியது. வீட்டுக்குள் இடுப்பளவு சகதி. பாயும் அரிசியும் பிள்ளைகளின் புத்தகமும் ஒரே சேறாகக் கிடந்தன. அந்தச் சேறு காயும் முன்பு ஒரு மாநகராட்சி மன்றத்துக்கு இருந்த தலைபோகிற அலுவல், நாற்காலியில் எந்தக் கோஷ்டி உட்காருவது என்பது.

சரி, அந்தச் சண்டையையாவது ஒழுங்காகப் போட்டார்களா? ஜனவரி 12ஆம் தேதி மன்றம் திறந்திருந்தது. நாற்காலிகள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. கையெழுத்திட்ட 38 பேரில் ஒருவர்கூட வரவில்லை. தீர்மானம் தோற்றது. மேயர் மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தங்கள் கையெழுத்து மேலேயே நம்பிக்கை இல்லாமல் போயிற்று. மேலிடம் கண்ணை உருட்டியது, அவ்வளவுதான். ஆளுங்கட்சிக் கவுன்சிலருக்கு முதுகெலும்பு உண்டு. அது சென்னையில் தலைமை அலுவலகத்து அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை கடைசியில் காஞ்சிபுரத்திலும் இதே நாடகம். நம்பிக்கையில்லாத் தீர்மானம், குறித்த நாள், காலி நாற்காலிகள். கொட்டகைதான் வேறு.

மேலிடத்துக்குத் தேவைப்பட்டபோது காரியம் எவ்வளவு சுளுவாக நடந்தது பாருங்கள். 2024 ஜூலை 3ஆம் தேதி நெல்லை மேயரும் கோவை மேயரும் ஒரே நாளில் ராஜினாமா. இரண்டு ஊருக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இருவருக்கும் ஒரே நாளில் சொந்தக் காரணங்கள் வந்தன. தொற்று நோயாக இருக்கலாம். 38 பேர் முயன்று முடியாததை ஒரு போன் முடித்தது. இதற்குப் பெயர்தான் உள்ளாட்சி. உள்ளே யார் ஆட்சி என்று கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 5இல் நெல்லைக்குப் புது மேயர் தேர்தல். கட்சி நிறுத்திய வேட்பாளருக்கு 30 ஓட்டு. அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23. செல்லாதது ஒன்று. எதிர்க்கட்சிக்கு 4 பேர்தான். எதிர்த்து விழுந்ததோ 23. எதிர்க்கட்சியை ஓட்டுப்பெட்டியில் ஒழிக்கலாம். ஆனால் எதிர்ப்பு என்பது எலி மாதிரி, வாசலை அடைத்தால் சமையலறையில் குட்டி போடும். ஒரே வித்தியாசம், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தால் அது குடிநீரைப் பற்றிப் பேசியிருக்கும். ஒரே கட்சிக்குள் இருப்பதால் பங்கைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் செல்லாத ஓட்டுப் போட்டவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். மன்றத்தின் மனசாட்சி அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் நடுவில் தாமிரபரணி தன் பாட்டுக்கு ஓடுகிறது. 51 வார்டுச் சாக்கடை என்றும் 4 வார்டுச் சாக்கடை என்றும் பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கவுன்சிலர்கள் பார்க்க வேண்டியதை நீதிபதிகள் வந்து பார்க்கும் நாட்டில், கவுன்சிலர் தேர்தலுக்கு ஆகும் செலவை நீதிமன்றத்துக்கு நாற்காலி வாங்கவாவது கொடுக்கலாம்.

செலவு என்றதும் நினைவு வருகிறது. கவுன்சிலர் பதவிக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 2023 வரை மாதச் சம்பளமே கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி மட்டும். 2023 ஜூலையில்தான் மதிப்பூதியம் அறிவித்தார்கள்: மேயருக்கு மாதம் 30,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000, நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500 ரூபாய். மாநகராட்சிக் கவுன்சிலர் ஐந்து வருஷம் முழுக்க வாங்கினாலும் ஆறு லட்சம். அந்த ஆறு லட்சத்துக்காகத் தெருவுக்கு மூன்று பந்தல், வார்டு முழுக்கப் பிரியாணி, வீட்டுக்கு வீடு கவர் என்று இறைக்கிறார்களே, இவ்வளவு பெரிய தியாகிகளை விடுதலைப் போராட்டத்தில்கூட நாம் பார்த்ததில்லை. வீடு கட்ட வாசலில் மணல் கொட்டிப் பாருங்கள், தியாகம் எந்தத் தலைப்பில் வசூலாகிறது என்று தெரியும். போர் போடுங்கள், தெருவைத் தோண்டிக் குழாய் இணைப்புக் கேளுங்கள். தியாகியின் மைத்துனர் பைக்கில் வருவார்.

பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆளுங்கட்சி அதையும் உள்வாங்கிக்கொண்டது. எங்கள் வார்டில் போஸ்டரில் கும்பிட்டபடி நிற்பவர் அம்மா. அவர் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாகக் கும்பிடுபவர் வீட்டுக்காரர். போன் நம்பர் வீட்டுக்காரருடையது. புகார் சொன்னால், "கவுன்சிலர் சமையலில் இருக்கிறார், என்னிடமே சொல்லுங்கள்" என்கிறார். ஜெயித்த பெண் அடுப்படியில், தோற்காத ஆண் அலுவலகத்தில். அந்த அம்மாவிடம் ஒரு நாள் குழாயடியில் பேசினேன். வார்டில் எந்தச் சந்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை வீட்டு வாரியாகச் சொன்னார். பத்து நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, இந்தத் தெருவுக்கு உண்மையான கவுன்சிலர் கிடைத்தும் அவரைப் பார்க்கவே எங்களை விடவில்லை என்று.

மேடை ஏறினால் இந்தத் தியாகிகள் உத்திரமேரூரை விடமாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, உலகுக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்த தமிழன்! அது ஒரு பிராமண ஊரின் சபைக்கு எழுதிய விதி என்பதைச் சொல்ல மாட்டார்கள். நிலமும் வீடும் இல்லாதவன் அந்தக் குடத்தின் பக்கமே வர முடியாது என்பதையும் சொல்ல மாட்டார்கள். அதைவிட, அந்தக் கல்வெட்டின் அருமையான பகுதியை மறந்தும் வாசிக்க மாட்டார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்கிறது அது. அதோடு நின்றதா? அவனுடைய உறவுக்காரர்களுக்கும் இடமில்லை என்று ஒரு பட்டியல் போடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மைத்துனன் பைக்கில் வருவான் என்று தெரிந்த ஊர் அது. அந்த ஒரு விதியை மட்டும் இன்று அமலுக்குக் கொண்டுவந்தால், இரண்டு கட்சிக்கும் சேர்த்து வேட்பாளர் பட்டியல் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.

எங்கள் வார்டில் 2022 தேர்தலில் ஒரு சுயேச்சையும் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வால்வு திறப்பாளர். முப்பது வருஷம் விடிகாலையில் சைக்கிளில் வந்து சாவியைத் திருகித் தண்ணீர் திறந்தவர். எந்தக் குழாய் எந்தச் சந்தில் எத்தனை அடியில் போகிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள். மோர் கொடுத்தேன். "ஏங்க, ஆளுங்கட்சிக்குப் போட்டாத்தான் தண்ணி வருமாமே?" என்றேன். சிரித்தார். "தண்ணிக்குப் பள்ளந்தான் சார் தெரியும். நான் திறந்தப்ப எந்தக் கட்சின்னு அது கேட்டதில்ல." அவருக்கு டெபாசிட் போயிற்று. நான் அவருக்குத்தான் போட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் வீட்டிலேயே மற்றவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று மட்டும் கேட்டதில்லை. காலையில் குடம் எடுத்துப் போவது நான் இல்லையே.

குழாயில் இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. மேலேயும் நம்ம ஆட்சி, கீழேயும் நம்ம ஆள். பைப்பு கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்தான் சேரவில்லை.

போன வாரம் வட்டச் செயலாளர் தெருவில் எதிர்ப்பட்டார். வரி கட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். "தம்பி, ஒரு சந்தேகம். ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டவனுக்குத்தான் தண்ணி. சரி. அப்ப போடாதவனுக்கு வீட்டு வரியில எத்தனை சதவீதம் தள்ளுபடி?" என்று கேட்டேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணனுக்கு எப்பவும் தமாசுதான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் சிரிக்கவில்லை. ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.